தை முதல் நாளில் வயலில் நெல் நிற்கிறதே, பிறகு பொங்கல் எப்படி அறுவடைத் திருநாள்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். குடும்பம் பெங்களூரில். மகளுக்குப் பள்ளியில் பொங்கலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். "பொங்கல் ஒரு அறுவடைத் திருநாள்" என்று முதல் வரி எழுதியதுமே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போன தையில் மன்னார்குடிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பொங்கலன்று வயலில் முக்கால்வாசி நெல் அறுக்காமல் நின்றது. "அறுப்புக்கு இன்னும் பதினைந்து நாள் ஆகும்" என்றார்களாம். அதே நாளில்தான் நாட்டின் பல பக்கங்களிலும் மகர சங்கராந்தி. அப்படியானால் எங்கிருந்தோ வந்த சூரிய விழாவுக்கு நாம் அறுவடை என்று பெயர் சூட்டிக்கொண்டோமா என்று கேட்கிறீர்கள். அடுக்குமாடி வீட்டில் குக்கரில் வைத்தால் அது பொங்கல்தானா என்பது இரண்டாவது கேள்வி.

மேலாகப் பார்த்தால் தேதியைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு: இந்த விழா வானத்துக்குரியதா, வயலுக்குரியதா? நான் காவிரிப் பாசனப் பகுதியில் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெல்லைப் பற்றியும், நெல் விளைகிற ஊர்களில் பொங்கல் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியும். பஞ்சாங்கக் கணக்கும் பழந்தமிழ்ப் பாட்டும் எனக்குப் படிப்பால் வந்தவை. அதனால் எது உறுதி, எது ஊகம் என்று ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

உங்கள் உறவினர் வயலில் நீங்கள் பார்த்தது சரி. பொங்கல் அறுவடை முடிந்ததைக் கொண்டாடும் விழா அல்ல. முதல் கதிரை அறுத்து, அந்தப் புது நெல்லை முதன்முதலாகச் சமைத்து, விளைய வைத்தவர்களுக்குப் படைத்துவிட்டு வாயில் வைக்கிற விழா. ஊரெல்லாம் அறுப்பு முடிந்து, கண்டுமுதல், அதாவது விளைந்த மொத்த நெல், வீட்டுக்கு வருவது அதற்குப் பிறகு. தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் பழைய குடும்பங்களில் மார்கழிக் கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்து வயலில் முன்கூட்டிப் பழுத்த மூலையில் ஒரு கைப்பிடிக் கதிர் அறுத்து வருவார்கள். அதில் ஒரு கொத்தை நிலைப்படிக்கு மேலோ சாமி மாடத்திலோ கட்டுவார்கள். மீதியைக் கையால் கசக்கி, வெயிலில் காயவைத்து, உரலில் குத்தினால் ஒரு பானைப் பொங்கலுக்கு அரிசி தேறிவிடும். ஒரு ஏக்கர்கூட அறுக்கத் தேவையில்லை. பொங்கலுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. யாழ்ப்பாணத்தில் புதிர் எடுப்பது, அதாவது புது நெல்லின் முதல் கதிரை வீட்டுக்குக் கொண்டுவருவது, தைப்பூசத்தன்று. நீங்கள் இருக்கும் கர்நாடகத்திலேயே குடகில் கார்த்திகை நிலவை ஒட்டிப் புத்தரி நடக்கிறது. இரவில் வயலுக்குப் போய் "பொலி பொலி தேவா" என்று கூவி முதல் கதிரை அறுத்து வருகிறார்கள். நம் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது கேட்கும் அதே பொலிதான் அது. மேற்கு ஒடிசாவில் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய். சம்பல்பூரில் சமலேசுவரி அம்மனுக்குப் புது அரிசி படைத்த பிறகே வீட்டில் உண்பார்கள். அந்த நேரத்தில் அங்கே பெரும்பாலான நெல் இன்னும் பச்சையாகத்தான் நிற்கும். புதிது உண்ணும் விழாக்கள் எல்லாமே இப்படித்தான். அறுப்பின் வாசலில் வரும்; முடிவில் வராது. ஆகவே வயலில் நெல் நின்றது பொங்கலுக்கு எதிரான சான்று அல்ல. நிற்கிற நெல்லைப் பார்த்துக்கொண்டே வைப்பதுதான் பொங்கல்.

சூரியனுக்கு இதில் என்ன வேலை என்பதற்கு வருகிறேன். இந்த இடம் என் மனதுக்கு மிக நெருக்கமானது. சம்பா என்னும் பழைய நீண்ட கால நெல் ரகங்களுக்குப் பகலை அளக்கத் தெரியும். நம் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றே கால் மணி நேரம்தான். மனிதர்கள் அதைப் பெரிதாக உணர்வதில்லை. சம்பா உணர்கிறது. பகல் ஓர் அளவுக்குக் கீழே குறையும்வரை அது தூர் வெடித்துப் பக்கத் தண்டுகள் விடும், இலை விடும், கதிருக்கு மட்டும் வராது. ஐப்பசியில் பகல் குறுகக் குறுகத் தண்டுக்குள்ளே கதிர் உருவாகும். வெளியே ஒன்றும் தெரியாது. அனுபவப்பட்ட விவசாயி ஒரு தண்டைப் பிளந்து, பஞ்சு போல வெள்ளையாக இருக்கும் கருவைக் காட்டுவார். பிறகு தொண்டைக்கதிர், அதாவது கதிர் உறைக்குள் புடைத்து நிற்கும் நிலை; கார்த்திகை வாக்கில் பூ, பால் பிடிப்பு, பூத்த முப்பது முப்பத்தைந்து நாளில் கதிர் பழுத்துவிடும். ஒரு மாதம் முன்பின்னாக விதைத்த இரண்டு வயல்கள்கூட அறுப்புக்கு வரும்போது ஏறக்குறைய ஒன்றையொன்று எட்டிப் பிடித்திருக்கும். எந்த நாளில் விதைத்தாய் என்பதைவிடச் சூரியன் எங்கே நிற்கிறது என்பதைத்தான் அந்தப் பயிர் பார்க்கிறது.

இதோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி மார்கழியில் ஓய்கிறது. கதிர் பழுக்கும் நேரத்தில் வானம் வெளுத்து, பனி இறங்கி, பகல் வெயில் காய்கிறது. அறுக்கவும் அடிக்கவும் காயவைக்கவும் இதைவிட நல்ல காலம் இந்த நிலத்தில் கிடையாது. ஒவ்வொரு ஆண்டும் அப்படி அமைந்துவிடுவதும் இல்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 பொங்கலுக்குக் கால்வாய்களின் கடைசியில் இருக்கும் கடைமடையில் கதிரே இல்லாத வயல்கள் கிடந்தன. 2021 ஜனவரியில் நேர்மாறு. பொங்கலை ஒட்டிப் பெய்த பெருமழையில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டது. அந்த ஆண்டு பல வீடுகளில் பானை வைத்தது வழக்கத்துக்காகத்தான். சூரியனைப் பார்த்துக் கைகூப்புவது சம்பிரதாயம் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் அப்படி ஒரு தையில் டெல்டாவுக்கு வந்து பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் உங்கள் உறவினர் வயல் பதினைந்து நாள் பின்தங்கியது? காரணம் இரண்டு மூன்று இருக்கலாம். மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது பாசன வழக்கமானது. தண்ணீர் தாமதமாக வந்தால் நடவு தள்ளிப்போகும். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்கள் வந்தன. இவை பகலைப் பார்ப்பதில்லை, நாளை எண்ணுகின்றன. 105, 110 நாள் என்றால் அவ்வளவுதான். குறுவை என்ற குறுகிய காலப் பயிரை அறுத்துவிட்டு, அதே வயலில் தாளடி என்ற இரண்டாம் பயிரை நடுவது பரவலானது. தாளடி அறுப்பு மாசிவரை போகும். சி.ஆர். 1009 மாதிரி 155, 160 நாள் ரகத்தைச் சற்றுத் தாமதமாக நட்டாலும் தைக் கடைசிதான். ஆகவே விழாவின் தேதியில் பிழை இல்லை. பயிர்த் திட்டம் மாறியிருக்கிறது.

இனிப் பஞ்சாங்கம். தை முதல் நாள் என்பது சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள். இந்தக் கணக்கு இந்தியா முழுவதற்கும் பொது; அதை மறுப்பதில் பொருளில்லை. தமிழ் வழக்கப்படி, நுழைவு சூரியன் மறைவதற்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு, மறைந்த பின் என்றால் மறுநாள். 14, 15 என்று தேதி மாறுவது இதனால்தான். ஆனால் "அன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறது" என்று எழுதினால் அது இன்றைக்குப் பொருந்தாது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டை அளக்கிறது. பருவங்கள் அதிலிருந்து ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவிப்போகின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. இன்று மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி விழுந்துவிட்டது. இதற்கு எளிய சான்று ஒன்று உண்டு. சுவாமி விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி நாளில். தேதி 1863 ஜனவரி 12. இன்று அந்த நாள் 14-க்கோ 15-க்கோ வந்துவிட்டது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இது என் ஊகம். நெல் பார்ப்பது உண்மையான பகல் நீளத்தை, பஞ்சாங்கத்தை அல்ல. ராஜராஜன் காலத்தில் தை முதல் நாள் பருவக் கணக்கில் இன்றைக்கு இருப்பதைவிட இரண்டு வாரம் முன்னதாக வந்திருக்கும். அன்றைய சம்பாவும் இதே போலப் பகலைப் பார்த்துப் பழுத்திருந்தால், தை முதல் நாளில் வயலில் இன்றைவிட இன்னும் பச்சையாகவே நின்றிருக்கும். ஆகவே சங்கராந்தியும் புதிது உண்பதும் தொடக்கத்திலிருந்தே ஒரே நாளில் நடந்தன என்று அடித்துச் சொல்ல முடியாது. புதிது உண்ணும் வழக்கம் தனியாக, ஊருக்கு ஊர் கதிர் பழுத்த நாளில் நடந்து, பிற்பாடு தை முதல் நாளோடு சேர்ந்திருக்க இடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் புதிர் இன்றும் பொங்கலிலிருந்து தனியே நிற்பது இந்த ஊகத்துக்குத் துணை செய்கிறது. நிரூபிக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

பழைய இலக்கியத்தைப் பற்றி இணையத்தில் நிறையச் சொல்கிறார்கள். சங்கப் பாடல்களில் தை மாதம் பல இடங்களில் வருகிறது என்பது உண்மை. ஆனால் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, புறநானூறு ஆகியவற்றில் பெரும்பாலும் தைத் திங்களின் குளிர்ந்த குளமும், அதில் பெண்கள் நீராடுவதும்தான் பேச்சு. அதை எடுத்துப் "பொங்கலுக்கு ஈராயிரம் ஆண்டுச் சான்று" என்பது சரியான வாதம் அல்ல. அதைவிட நல்ல சான்று புறநானூற்றின் 168-ஆம் பாட்டில் இருக்கிறது. மலைநாட்டுத் தலைவன் பிட்டங்கொற்றனைக் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் பாடியது. முதலில் விளைந்த தினையைப் புதிதாக உண்பதற்காக, மரையா என்னும் காட்டு விலங்கின் நுரைத்த பாலை, மான் இறைச்சி வேகவைத்துப் புலால் நாறும் பானையில் கழுவாமலே ஊற்றி, சந்தன விறகு எரித்துச் சமைத்து, முற்றத்தில் வாழையிலையில் பகிர்ந்து உண்கிறார்கள். "நாள்புதிது உண்மார்" என்பது அந்தப் பாட்டின் சொல். புது விளைச்சல், பால், பானை, முற்றம், வாழையிலை, பகிர்வு எல்லாம் அங்கே இருக்கின்றன. தை முதல் நாள் இல்லை; நெல்லும் இல்லை. பொங்கலின் உள்ளடக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இது போதும். பொங்கல் என்ற விழா அப்படியே இருந்தது என்பதற்கு இது சான்றாகாது. போகியைச் சிலப்பதிகாரத்து இந்திர விழாவோடு இணைப்பதும் எனக்கு ஐயமாகவே இருக்கிறது. புகாரில் அந்த விழா நடந்தது சித்திரையில். நாம் இன்று கொண்டாடுகிற வடிவத்தை அப்படியே பார்க்க வேண்டுமென்றால், 1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவாவின் குறிப்புகளில் போகி, சூரியப் பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று மூன்று நாளும் வரிசையாக வருகின்றன.

மகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் பானையைக் காட்டுங்கள். விழாவின் பொருள் முழுக்க அங்கே இருக்கிறது. பானைக் கழுத்தில் சுற்றும் மஞ்சள் கொத்து, வைகாசி ஆனியில் நட்டுத் தையில் கிழங்கு முற்றிய செடி. இலையும் கிழங்கும் வேருமாகப் பிடுங்கியது. பக்கத்தில் சாய்த்து வைக்கும் செங்கரும்பு, சித்திரையை ஒட்டி நட்டு மார்கழிக் கடைசியில் வெட்டுவது. கூட்டில் போடும் பரங்கி, அவரை, மொச்சை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாம் அதே சில வாரங்களில் கொல்லையில் வருபவை. தென்கோடியில் பனங்கிழங்கு சேரும். அங்கே அடுப்பு எரிப்பதும் பனையோலையால்தான். கேரட்டும் பீன்ஸும் பழைய வீடுகளில் பொங்கல் கூட்டுக்குள் நுழையாததற்கு ஆசாரம் ஒரு காரணம் என்றால், அவை அந்த மண்ணில் அந்த மாதத்தில் விளையாதவை என்பது இன்னொரு காரணம்.

அரிசியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அறுத்த கையோடு குத்திய அரிசி குழையும். சோறு உதிரியாக வராது, வடித்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அன்றாடச் சாப்பாட்டுக்கு ஓராண்டு பழைய அரிசியைத் தேடுகிறோம். ஆனால் பால் விட்டு, பருப்பும் வெல்லமும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் பொங்கலுக்கு அந்தக் குழைவுதான் வேண்டும். சோற்றுக்கு ஆகாத புது அரிசிக்கு ஏற்ற சமையலை இந்த விழா கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுக்கும் வேலையும் அதற்கு இல்லை, பச்சரிசியாகவே குத்திவிடலாம்.

இரண்டாம் நாள் மாட்டுக்கு. ஜல்லிக்கட்டைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். 2014-இல் தடை, 2017-இல் மெரினா போராட்டம், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தமிழகச் சட்டத்தை ஏற்றது. இது பள்ளிக் கட்டுரைக்குப் போதும். நான் சொல்ல விரும்புவது கொட்டகையில் நடப்பதை. டெல்டாவில் மாட்டுக் கழுத்துக்குக் கட்டுவது நெட்டி மாலை. நெட்டி என்பது குளத்திலும் தேங்கிய நீரிலும் வளரும் செடி; அதன் தண்டு எடையே இல்லாமல் வெள்ளையாக இருக்கும். ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் அதை வெட்டிக் காயவைத்து, துண்டு போட்டு, சாயம் தோய்த்து, தாழை நாரில் கோத்து மாலையாக்குகிறார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மாட்டின் கழுத்தில் அது ஆடும்போது சத்தமே வராது, சலங்கை மட்டும் கேட்கும். கொம்பைச் சீவி வண்ணம் பூசி, குளத்தில் தேய்த்துக் குளிப்பாட்டி, வாழையிலையில் பொங்கலும் பழமும் வைத்து ஊட்டுவார்கள். கொங்கு நாட்டில் இது பட்டிப் பொங்கல். மாடு அடைக்கும் பட்டியில் சின்னத் தெப்பக்குளம் கட்டி மாட்டை மிதித்துத் தாண்டவைத்து, "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோட போக" என்று கூவுவார்கள். இன்று உழவு டிராக்டரில், அறுப்பு இயந்திரத்தில். காளை இல்லாத வீடுகளில் டிராக்டரைக் கழுவி மாலை போட்டுக் கற்பூரம் காட்டுகிறார்கள். எனக்கு அதில் குறையாக எதுவும் தெரியவில்லை. வேலை செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற எண்ணம் மாறாமல் இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததையும் சொல்லாமல் விட முடியாது. சூரியனுக்கு நன்றி, மாட்டுக்கு நன்றி. நட்டு, களை பறித்து, அறுத்துப் போரடித்த ஆட்களுக்கு? பண்ணை வீடுகளில் பொங்கலன்று பண்ணையாட்களுக்கு வேட்டி, சேலை, நெல், கரும்பு கொடுக்கும் வழக்கம் இருந்தது. வாசலுக்கு வெளியே நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். களத்தில் நெல் அளக்கும் மரக்காலில் முதல் அளவை "லாபம்" என்று சொல்லி அளந்த நெல்லில் அவர்களுக்குரிய கூலி எவ்வளவு என்பதுதான் தஞ்சை மாவட்டத்தின் நீண்ட சண்டை. 1968 டிசம்பர் 25, மார்கழி மாதம், சம்பா அறுப்புக் காலம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவில், கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் புகுந்து ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அடுத்த பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. 1969-இல் கீழத்தஞ்சைப் பகுதிக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அறுவடைத் திருநாள் என்று எழுதும்போது யாருடைய அறுவடை என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. அந்த ஊர்களில் வேலை பார்த்தவனுக்கு அதை மறந்துவிட்டுப் பொங்கலைப் பற்றிப் பேச வராது. நெல்லுக்கு நிலம் இருப்பவர் மட்டும் பொறுப்பல்ல என்பதை ஒப்புக்கொள்ளும் பொங்கல்தான் எனக்கு முழுப் பொங்கலாகத் தெரிகிறது. இன்று பல ஊர்களில் தெருவுக்குத் தெரு சமத்துவப் பொங்கல் என்று பொதுப் பானை வைக்கிறார்கள், தேவாலய வாசலிலும் வைக்கிறார்கள். சில இடங்களில் அது உண்மையாக நடக்கிறது, சில இடங்களில் பெயரளவில்தான்.

ஊருக்கு ஊர் மாறுவதையெல்லாம் மகள் ஒரு பக்கத்தில் அடக்க முடியாது. ஒன்றிரண்டு தேர்ந்தெடுத்தால் போதும். கொங்கில் போகியன்று மாலை ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கூரையிலும் தோட்டத்திலும் காப்புக் கட்டுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணத்தின் மேல் வைத்த பூசணி, பீர்க்கம் பூக்களை அந்தச் சாணத்தோடு எருவாக, அதாவது வறட்டியாக, தட்டிக் காயவைத்து, பெண் குழந்தைகள் முற்றத்தில் மண்ணால் சின்ன வீடு கட்டிப் பொங்கல் வைத்து, கடைசியில் அந்த எருக்களைத் தட்டோடு கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள். உங்கள் மகள் வயதுக் குழந்தைக்கு இது பிடிக்கும். சிவன் தன் காளையைப் பூமிக்கு அனுப்பி, அது சொன்னதை மாற்றிச் சொன்னதால் உழவுக்கு வந்தது என்று ஒரு கதை பல தளங்களில் சுற்றுகிறது. அதைக் கட்டுரையில் முதன்மையாக வைக்க வேண்டாம். டெல்டாவில் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுகிற எந்தக் குடியானவரும் எனக்கு அதைக் காரணமாகச் சொன்னதில்லை.

குக்கர் விஷயம். மூடி போட்டு விசில் வைத்தால் பால் பொங்கி வழிவதைப் பார்க்க முடியாது. பார்ப்பதற்காகத்தான் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நிற்கிறோம். அடிகனமான பாத்திரம் எதுவானாலும் சரி, திறந்து வையுங்கள். கிழக்கு வெளிச்சம் விழும் பால்கனியில் சின்ன அடுப்பு வைக்க உங்கள் கட்டடத்தில் அனுமதி இருந்தால் அங்கே வைக்கலாம். இல்லையென்றால் சமையலறையே போதும். ஒரு பங்கு பச்சரிசிக்குக் கால் பங்கு பாசிப்பருப்பு, பாலும் தண்ணீருமாக ஆறு பங்கு. கடையில் கேட்கும்போது "இந்த வருஷத்துப் புது அரிசி" என்று கேட்டு வாங்குங்கள். உறவினர் வீட்டிலிருந்து வரவழைக்க முடிந்தால் இன்னும் நல்லது. முன்கூட்டிப் பழுத்த மூலை ஒன்று அவர்கள் வயலிலும் இருக்கும், இரண்டு படி நெல் அதில் தேறும். முதலில் பாலும் தண்ணீரும் மட்டும் பொங்கட்டும். பொங்கிய பிறகு கழுவிய அரிசியை மகள் கையால் மூன்று பிடி போடச் சொல்லுங்கள். வெல்லத்தை அரிசி நன்றாகக் குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னால் போட்டால் அரிசி வேகாது.